மதுரைக் கதையை வளசரவாக்கத்தில் எடுப்பது எப்படி?

கதை மதுரையில் நடக்கிறது. கதாநாயகியின் வீடு சென்னை வளசரவாக்கத்தில் இருக்கிறது. கோயில் தெரு காஞ்சிபுரத்தில், கண்மாய்க்கரை செங்கல்பட்டுப் பக்கத்தில், போலீஸ் ஸ்டேஷன் ஸ்டுடியோ ஃப்ளோரில். உதவி இயக்குநர், ஆர்ட் அசிஸ்டன்ட், புரொடக்‌ஷன் மேனேஜர் என்று எந்த வேலைக்குச் சின்னத்திரைக்கு வந்தாலும், முதல் வாரத்திலேயே இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிடுவீர்கள். ஏன் இப்படி என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, எப்படிச் செய்வது என்பதை மதுரையையே உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வையுங்கள். மதுரையைக் கொண்டுவருவது இரண்டாவது வேலை. ஃபிரேமிலிருந்து சென்னையை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். ஜிகர்தண்டா போர்டு அழகாகத் தயாராகிவிடும், அதற்குக் கீழே மாநகராட்சிக் குப்பைத்தொட்டி சென்னை முத்திரையோடு நின்றுகொண்டிருக்கும்.

அங்கேயே போய் எடுத்தால் என்ன?

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். அறுபது பேர் கொண்ட யூனிட் ஐந்து நாள் படப்பிடிப்புக்குப் போகிறது என்று வையுங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள். ஐந்து நாள் ஃபுட்டேஜுக்கு ஏழு நாள் பேட்டா, ஏழு நாள் வண்டி வாடகை, ஏழு நாள் சாப்பாடு. இருவருக்கு ஓர் அறை என்றாலும் முப்பது அறை. எடுக்கும் ஒவ்வொரு நாளின் தலையிலும் 1.4 நாள் செலவு ஏறுகிறது. இது சம்பளத்தைத் தொடாமல் போட்ட கணக்கு.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் தேதி. தினசரி சீரியலில் நடிப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களுக்குக் கால்ஷீட்டைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அம்மா வேடக்காரர் காலையில் இங்கே, மதியத்துக்கு மேல் இன்னொரு செட்டில். அவரை ஏழு நாள் மொத்தமாக மதுரைக்குக் கூட்டிப்போனால் இரண்டு சேனல்களின் எபிசோடு கையிருப்பும் கரையும். சாலிகிராமத்தில் ஒரு லைட் பழுதானால் கருவிகளை வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் மாற்று வந்துவிடும். மதுரையில் அதே பழுது அரை நாளை விழுங்கும்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. வாஷிங்டனை மையமாகக் கொண்ட 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் முதல் ஐந்து சீசன்கள் கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டவை. நியூயார்க் வக்கீல்களைப் பற்றிய 'சூட்ஸ்' பெரும்பாலும் டொரான்டோவில் எடுக்கப்பட்டது. டொரான்டோவுக்குப் போகப் பெரிய காரணம் வரிச்சலுகை. மாகாண அரசு செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. சில நேரம் காரணம் பணம் மட்டுமாக இருக்காது. 2019இல் வந்த 'செர்னோபில்' தொடருக்கு லிதுவேனியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வகை அணு உலை கொண்ட இக்னாலினா நிலையம் அங்கே மூடப்பட்டு நின்றது, சோவியத் காலக் குடியிருப்புகளும் வில்னியஸில் அப்படியே இருந்தன. பழைய காலம் எந்த ஊரில் மிச்சமிருக்கிறதோ அந்த ஊரைத் தேடிப் போக வேண்டியதுதான். தூர்தர்ஷனின் 'மால்குடி டேஸ்' கர்நாடகத்தின் ஆகும்பேயைத் தேடிப் போனதைப் போல. நம் பக்கத்தில் 1987இல் வந்த 'நாயகன்' படத்தின் தாராவியைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில்தான் எழுப்பினார்.

இன்னொரு பாடமும் உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. 'பிரேக்கிங் பேட்' முதலில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. நியூ மெக்சிகோ கொடுத்த சலுகைக்காகப் படப்பிடிப்பு ஆல்புகர்க்கிக்குப் போனது. அங்கே கிழக்கே கேமராவைத் திருப்பினால் சாண்டியா மலை வந்து நிற்கும், ரிவர்சைடில் அந்த மலை கிடையாது. ஒவ்வொரு ஷாட்டிலும் மலையை மறைத்துக்கொண்டிருக்க முடியாது என்று கதையையே ஆல்புகர்க்கிக்கு மாற்றிவிட்டார்கள். ஊரை ஏமாற்றுவதைவிடக் கதையின் ஊரை மாற்றுவது மலிவு என்றால் அதைத் தயங்காமல் எழுத்தாளரிடம் சொல்லுங்கள். 'மதுரை' என்று ஸ்கிரிப்டில் இருப்பது சில நேரம் வட்டார வழக்குக்காக மட்டுமே இருக்கும். அப்போது மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கற்பனை ஊர்ப்பெயர் போதும், கோபுரம் காட்டும் கடமையே இல்லை.

முதலில் ஸ்கிரிப்டைப் பிரியுங்கள்

கையிலிருக்கும் எபிசோடுகளின் எல்லாக் காட்சிகளையும் எடுத்து மூன்று குவியலாகப் போடுங்கள்.

முதல் குவியல், வீட்டுக்குள். கூடம், சமையலறை, ஆஸ்பத்திரி அறை, வக்கீல் ஆபீஸ். குடும்பத் தொடர்களில் பெரும்பகுதி இதுதான். இதற்கு ஊரே தேவையில்லை, ஜன்னல் மட்டும் கவனம். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ தூணோ பன்னிரண்டு மாடிக் குடியிருப்போ தெரிந்தால் வெள்ளைத் துணி கட்டி, ஜன்னல் வெறும் வெளிச்சமாகத் தெரியும்படி ஓவர் எக்ஸ்போஸ் செய்யுங்கள், அல்லது தொட்டிச் செடிகளை நிறுத்துங்கள்.

இரண்டாவது குவியல், பெயரில்லாத வெளிப்புறம். தெரு, டீக்கடை, பேருந்து நிறுத்தம், வயல் வரப்பு. இது சென்னையைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் கிடைக்கும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

மூன்றாவது குவியல், ஊரின் அடையாளம். மீனாட்சியம்மன் கோபுரம், வைகைப் பாலம், மாட்டுத்தாவணி, மாசி வீதிகள். இதற்கு மாற்றே கிடையாது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோபுரத்தைக் காட்டி மதுரை என்றால் ஒரு பாட்டிகூட நம்ப மாட்டார். மதுரைக் கோபுரம் உச்சி வரை வண்ணம் பூசிய சுதைச் சிற்பம். இதற்கு மதுரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் அறுபது பேர் போக வேண்டியதில்லை.

சிறு யூனிட்டோடு மதுரைப் பயணம்

கேமராமேன், அவருடைய உதவியாளர், ஓர் உதவி இயக்குநர், காஸ்ட்யூமர், மேனேஜர், டிரைவர். ஆறு பேர், ஒரு வேன். முடிந்தால் நாயகன், நாயகி இருவரையும் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் வரவழையுங்கள். வர முடியாவிட்டால் உயரமும் நடையும் ஒத்துப்போகும் டூப் போதும், முதுகுப்பக்கமும் தூர ஷாட்டும்தான் எடுக்கப் போகிறோம். உடையைவிடச் செருப்பும் கைப்பையும்தான் முக்கியம். புடவையை ஞாபகமாக எடுத்துப் போவார்கள், செருப்பை மறந்துவிடுவார்கள். நடக்கும் ஷாட்டில் முதலில் தெரிவது செருப்பு.

மதுரை ஷாட்டுகளை முதலில் எடுத்துவிட்டு, அதற்குப் பொருந்தும் சென்னை ஷாட்டுகளைப் பிறகு எடுப்பதே நல்லது. சென்னையில் தெருவைத் தேர்ந்தெடுக்கலாம், நேரத்தை மாற்றலாம், நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று முடிவு செய்யலாம். மதுரையில் கிடைத்த வெளிச்சம் கிடைத்ததுதான். வரிசையை மாற்றினால், வளசரவாக்கத்தில் உச்சி வெயிலில் எடுத்த ஷாட்டுக்காக மாசி வீதியில் உச்சி வெயில் வரும் வரை தேவுடு காக்க வேண்டியிருக்கும்.

எடுக்க வேண்டியவை இவை:

ஒவ்வோர் அடையாள இடத்துக்கும் அசையாத ஷாட் ஒன்று, கேமராவைப் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்பும் பேன் ஒன்று, மேலும் கீழுமாகத் திருப்பும் டில்ட் ஒன்று. ஒவ்வொன்றும் குறைந்தது 30 விநாடி. அதையே விடியலில், உச்சியில், விளக்கேற்றும் நேரத்தில் என்று மூன்று வேளையும் எடுங்கள். தொடர் இரண்டு வருடம் ஓடினால் இதே ஷாட்டுகளைத்தான் எடிட்டர் திரும்பத் திரும்பப் போடுவார், மூன்று வேளை இருந்தால்தான் மாற்றிப் போட முடியும். திருவிழாப் பந்தலும் தலைவர் கட்அவுட்டும் இல்லாத நாளாகப் பாருங்கள். சித்திரைத் திருவிழா அலங்காரத்தோடு எடுத்த கோபுரத்தை ஐப்பசி தீபாவளி எபிசோடில் போட முடியாது.

கார் காட்சிக்கான பிளேட், அதாவது காரின் ஜன்னலுக்கு வெளியே பின்னணியாக ஒட்டப்போகும் தெருக்காட்சி. ஓடும் வண்டியிலிருந்து முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு என்று நான்கு திசையிலும் ஐந்தைந்து நிமிடம். லென்ஸ், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் இருக்கட்டும், வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். லென்ஸ் அளவு, கேமரா உயரம், நேரம், வெயில் எந்தப் பக்கம் என்ற நான்கையும் கையோடு எழுதுங்கள். இந்த நான்கும் இல்லாத பிளேட் ஸ்டுடியோவில் பச்சைத் திரைக்கு (கிரீன் மேட்) முன்னால் எடுத்த காட்சியின் பின்னணியில் ஒட்டவே ஒட்டாது, தலைக்குப் பின்னால் தெரு மிதக்கும். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கிறீர்கள் என்றால் ஷட்டர் 1/50 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை மாற்றினால் கடைத்தெரு டியூப்லைட்டெல்லாம் துடிக்கும்.

சத்தம். பூ மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு, டீக்கடை, இரவுத் தெரு. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் படம் இல்லாமல் சத்தம் மட்டும். இதைச் செய்யாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் வளசரவாக்கத்துத் தெருவை மதுரை ஆக்குவதில் பாதி வேலையை இந்தச் சத்தம் செய்துவிடும்.

கோயிலுக்குள் கேமராவோ செல்போனோ அனுமதி இல்லை. கோபுரத்துக்குச் சுற்றிலும் உள்ள ஏதாவது மொட்டைமாடியை முன்கூட்டிப் பேசிவையுங்கள். அந்த வட்டாரத்தில் போலீஸ் அனுமதியில்லாமல் டிரோனை எடுக்கவே எடுக்காதீர்கள். ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப்பலகையை ஒரே ஒரு ஷாட் எடுப்பதென்றாலும் ரயில்வேயிடம் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும்.

தெருவைத் தேர்ந்தெடுப்பது

லொகேஷன் பார்க்கப் போகும்போது மதுரை போல இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எதை மறைக்க முடியாது என்று பாருங்கள். போர்டை மாற்றலாம், வண்டியை நகர்த்தலாம், சுவரொட்டியை மூடலாம். மெட்ரோ தூணை நகர்த்த முடியாது. கண்ணாடிக் கட்டடத்தை மறைக்க முடியாது. புறநகர் ரயில் பாதை ஓரமாக இருந்தால் மின்சார லோக்கல் ரயில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் போகும். மதுரையில் லோக்கல் ரயில் கிடையாது. விமான நிலையத்துக்கு இறங்கும் பாதைக்குக் கீழே இருக்கும் தெருவும் வேண்டாம். படத்தில் தெரியாவிட்டாலும் வசனத்தின் மேல் விமானம் பறக்கும்.

ஊர்ப்புறத்துக்குச் செங்கல்பட்டு, உத்திரமேரூர், திருக்கழுக்குன்றம் பக்கம் போங்கள். ஏரி, கருவேலங்காடு, பாறைக்குன்று மூன்றும் அடுத்தடுத்துக் கிடைக்கும். திருக்கழுக்குன்றத்தில் மலையும் கோபுரமும் ஒன்றாகத் தெரிவது அழகுதான், ஆனால் அதை அகலமாகக் காட்டினால் ஊர் காட்டிக்கொடுத்துவிடும். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் பின்னணியாக மங்கலாக விடுங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கும் ஊர்களில் தெரு ஓரத்தில் மணல் ஒதுங்கியிருக்கும், சவுக்கு மரம் நிற்கும். மதுரைக்கு அது ஆகாது. ஓட்டு வீடும் திண்ணையும் இருக்கும் பழைய தெருவுக்குக் காஞ்சிபுரம். 75 கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம்.

இடம் பிடித்ததும் காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு முறை போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரம், மசூதி பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, குப்பை வண்டியின் பாட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் தரும் ஜென்செட் எங்கே நிற்கும்? வசனம் பேசும் இடத்திலிருந்து குறைந்தது ஒரு தெருமுனை தள்ளி, கட்டடத்தின் மறைவில். அதற்கு எவ்வளவு கேபிள் வேண்டும் என்பதை அன்றே அளந்துவிடுங்கள்.

சென்னையை அழிப்பது

தேர்ந்தெடுத்த ஃபிரேமைச் செல்போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, அதில் தெரியும் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்குத் தெரிகிற எல்லாம் டிவியிலும் தெரியும்.

சிக்குகிறவை பெரும்பாலும் இவைதான். கடை போர்டின் கடைசி வரியில் 'சென்னை-600' என்று தொடங்கும் பின்கோடு, 044 என்று தொடங்கும் தொலைபேசி எண். மதுரைக்கு 625, 0452. வண்டியின் எண்: டிஎன் 01 முதல் டிஎன் 14 வரை தெரிந்தால் சென்னை என்று பிள்ளைகளே சொல்லும். மதுரைக்கு 58, 59, 64. போலீஸ் தடுப்பில் சென்னைப் பெருநகரக் காவல் என்ற எழுத்து. காவல் நிலையப் போர்டில் 'ஜே-2' மாதிரி எழுத்தும் எண்ணும். கிராமத்து ஸ்டேஷனுக்கு அது கிடையாது. மாநகரப் பேருந்து, அதன் 29சி, 27பி வழித்தட எண்கள். வார்டு கவுன்சிலருக்கு நன்றி சொல்லும் சுவரொட்டி. இவற்றை எல்லாம் யூனிட்டில் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாரும் கண்டுபிடிக்காதது வீட்டு வாசலில் இருக்கும் அடிபம்பு. தெருக்குழாய்த் தண்ணீரை இழுக்க வீட்டுக்கு ஒன்றாக, வாசற்படியை ஒட்டி, பெயின்ட் உதிர்ந்து, பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு நிற்கும். சென்னைத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அது கண்ணிலேயே படாது, தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அதுதான் முதலில் படும். கழற்ற முடியாது. மூங்கில் கூடையைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது ஒரு டிவிஎஸ் 50ஐ முன்னால் நிறுத்துங்கள்.

ஆட்டோவைப் பற்றிக் கவலை வேண்டாம், தமிழ்நாடு முழுவதும் பெரும்பாலும் மஞ்சள்தான். டாஸ்மாக், ரேஷன் கடை போர்டுகளும் ஊர்ப்பெயர் தவிர மாநிலம் முழுக்க ஒரே மாதிரிதான். கதை கேரளத்திலோ மும்பையிலோ நடந்தால்தான் ஆட்டோவே எதிரி.

போர்டு, வண்டி, பொருள்

போர்டுக்கு மேட் ஃப்ளெக்ஸ் மட்டும் அடியுங்கள். பளபளப்பான ஃப்ளெக்ஸ் லைட்டைத் திருப்பி அடிக்கும், எழுத்தே தெரியாது. பழைய தெரு என்றால் தகரத்தில் கையால் எழுதியதே பொருந்தும். புது போர்டு புதுசாகத் தெரிவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் தப்பு. செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் அடித்து, ஈரம் காய்வதற்குள் துணியால் மேலிருந்து கீழாக ஒருமுறை துடையுங்கள். அழுக்கு கீழ் ஓரத்தில் தங்கும், உண்மையான போர்டில் தங்குவதும் அங்கேதான். ஆணி அடித்த இடங்களிலிருந்து பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு இறக்கினால் துரு வடிந்த மாதிரி ஆகிவிடும்.

போர்டில் கடைப்பெயர் கற்பனையாக இருக்கட்டும். பத்து இலக்கச் செல்போன் எண்ணை இஷ்டத்துக்கு அடிக்காதீர்கள், அது யாருடைய எண்ணாகவோ இருக்கும், எபிசோடு வந்த இரவே அவருக்கு அழைப்புகள் போகும். கடைசி நான்கு இலக்கம் கிழிந்த மாதிரியோ தூணுக்குப் பின்னால் மறைகிற மாதிரியோ வடிவமையுங்கள். உண்மையான பிராண்டு போர்டு ஃபிரேமில் இருந்தால் சேனல் மங்கலாக்கச் சொல்லும். மங்கலாக்கிய கட்டம் ஒன்று தெருவில் மிதந்தால் போலி என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

வண்டிக்கு நம்பர் பிளேட்டின் மேல் ஒட்டும் மேட் வினைல் ஸ்டிக்கர் போதும். ஷாட்டுக்கு முன் ஒட்டி, ஷாட் முடிந்ததும் உரித்துவிட வேண்டும். டம்மி எண்ணோடு வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டினால் அது குற்றம். டீ வாங்கப் போன புரொடக்‌ஷன் பையன் ஸ்டிக்கரோடு போய்ப் போலீஸிடம் மாட்டினால் அன்றைய படப்பிடிப்பு அங்கேயே முடிந்தது. ஸ்டிக்கர் உரிப்பதற்கென்றே ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். போலீஸ் யூனிஃபார்ம் போட்ட நடிகர்களும் செட்டைத் தாண்டும்போது மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ளட்டும்.

டீக்கடை பெஞ்சில் கிடக்கும் நாளிதழ் மதுரைப் பதிப்பாக இருக்க வேண்டும். முகப்பிலேயே பதிப்பின் ஊர் இருக்கும். சிறு யூனிட் திரும்பும்போது பத்துப் பிரதி வாங்கி வந்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஆகும், தலைப்புச் செய்தி தெரியாமல் மடித்துப் போட்டால் போதும். பஸ் டிக்கெட், துணிக்கடைப் பை, காலண்டர் எல்லாம் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதை பழைய காலத்தது என்றால் பட்டியல் நீளும். கடைகளில் பணம் கட்டும் கியூஆர் அட்டை 2016க்கு முந்தைய காட்சியில் இருக்கக்கூடாது. ரூபாய்க் குறி வந்தது 2010இல், அதற்கு முன் விலைப்பலகையில் 'ரூ.' தான். ஆங்கிலப் போர்டில் 'மெட்ராஸ்' 1996 வரை. தமிழ்ப் போர்டில் அப்போதும் 'சென்னை'தான், அதை மாற்றிவிடாதீர்கள்.

வேறு ஊர்களுக்கு

கேரள வீடு வேண்டுமா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என நான்கு மாநிலத்துப் பழைய வீடுகளையும் அங்கே மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் வரும் இடம், முன்கூட்டி அனுமதி கேட்டு நேரம் வாங்க வேண்டும். காயல் காட்சிக்குப் பழவேற்காடு போகலாம், ஆனால் கரையில் தென்னை அடர்த்தி இல்லை. படகுக்குள் இருந்து, தண்ணீர் மட்டத்தில் எடுங்கள். வட இந்தியக் கடைத்தெருவுக்கு சவுக்கார்பேட்டை. இந்தி போர்டு, சேட்டுக் கடை, சந்து எல்லாம் தயாராக இருக்கும், கூட்டமும் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை தவிர மற்ற நேரம் நினைக்க வேண்டாம்.

மும்பையோ கொச்சியோ என்றால் கடலில் சூரியன் மறைய வேண்டும். சென்னையில் சூரியன் கடலில் உதிக்கும். எனவே மாலைக் காட்சியை விடிகாலையில் எடுக்க வேண்டும். உதயம் மே மாதக் கடைசியில் ஏறக்குறைய 5.40, ஜனவரி கடைசியில் 6.35. யூனிட் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மணலில் இருக்க வேண்டும். சூரியன் மேலே ஏறிக்கொண்டே போகும் என்பதால் ஒரே ஷாட்டில் நீண்ட வசனம் வேண்டாம், எட்டுப் பத்து விநாடித் துண்டுகளாக எடுங்கள். ஃபுட்டேஜைத் தலைகீழாக ஓட்டிச் சூரியனை இறக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அலையும் தலைகீழாகக் கடலுக்குள் ஓடும், காக்கை பின்பக்கமாகப் பறக்கும். கடல் தெரியாத வானத்துக்கு மட்டும் அந்த வித்தை செல்லும்.

ஊட்டி, கொடைக்கானலைச் சென்னையில் வெளிப்புறமாக எடுக்கவே முடியாது. தேயிலைத் தோட்டத்துக்குப் போலி இல்லை. உள்ளே மட்டும் எடுக்கலாம்: ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணியும் புகை மெஷினும் போதும். பிரச்சினை நடிகர்கள். ஸ்வெட்டர், மஃப்ளரோடு லைட்டுக்குக் கீழே நின்றால் மூன்றாவது டேக்கில் நெற்றி மின்னும். ஃப்ளோரை ஒரு மணி நேரம் முன்பே ஏசி போட்டுக் குளிர வைத்து, கட் சொன்னதும் ஸ்வெட்டரைக் கழற்றச் செய்யுங்கள்.

அனுமதி

இதைப் படப்பிடிப்புக்கு முந்தைய நாள் செய்கிறவர்கள் உண்டு, அவர்களைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ள வேண்டாம். அரசுக்குச் சொந்தமான இடம் என்றால் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக விண்ணப்பம். சாலை என்றால் போலீஸ், போக்குவரத்துப் போலீஸ் இரண்டும். மாநகராட்சிப் பூங்கா என்றால் மாநகராட்சி. ரயில் நிலையம் என்றால் தெற்கு ரயில்வே. காட்சியின் ஸ்கிரிப்டையும் கேட்பார்கள். மாமல்லபுரச் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் கையில். டிரோனுக்கு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது, விமான நிலையத்தைச் சுற்றி முழுக்கச் சிவப்பு. மாடு, நாய், புறா எது வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். ஜல்லிக்கட்டு ஊர்க்கதை என்பதால் வாசலில் சும்மா ஒரு காளையைக் கட்டிவைப்பதும் இதில் அடக்கம்.

தனியார் வீட்டுக்கு உரிமையாளரின் கடிதம் போதும் என்று நினைக்காதீர்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் சத்தம் போட்டால் கேமரா நின்றுவிடும். முந்தின நாள் மாலை இருபக்கமும் நான்கு வீடு போய், எத்தனை மணி வரை, எங்கே வண்டி நிற்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

படப்பிடிப்பு நாளில்

பின்னணியில் நடக்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் சென்னைக்காரர்கள். கூட்டக் காட்சியில் அவர்களாகவே பேசினால் "இன்னாபா" என்று வரும். அதனால் கூட்டத்தை வாயசைக்க மட்டும் சொல்லிவிட்டு, "அங்கிட்டுப் போண்ணே", "இங்கிட்டு வா" போன்ற குரல்களை டப்பிங்கில் மதுரைக்காரர்கள் நான்கு பேரை வைத்து ஏற்றுங்கள். பெண்கள் தலையில் மல்லிகை இருக்கட்டும். ஒரு முழத்தை நான்காக வெட்டி ஒட்டாமல் நிறைய வையுங்கள், மதுரைக்குக் கஞ்சத்தனமான பூ பொருந்தாது.

தெருக்காட்சியை நெருக்கமான ஷாட்டிலிருந்து தொடங்கி அகலத்துக்குப் போகாதீர்கள். அகலமான ஷாட்டை முதலில், காலை ஏழு மணிக்குள், கூட்டம் சேர்வதற்கு முன் முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாச் சந்திலும் நிற்பார்கள். அதன் பிறகு க்ளோஸ்-அப்பும், ஒருவரின் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டும்தான். இயக்குநருக்குப் பிடிக்காது, ஆனாலும் முதல் உதவி இயக்குநர் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு ஷாட்டிலும் எந்த டம்மி போர்டு எங்கே இருந்தது என்று கன்டினியூட்டி பார்ப்பவர் படம் எடுத்துவைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே தெருவுக்குப் பேட்ச் வொர்க்குக்கு, அதாவது விடுபட்ட ஷாட்டுகளை எடுக்கப் போகும்போது 'வைகை மெடிக்கல்ஸ்' வலப்பக்கம் இருந்ததா இடப்பக்கம் இருந்ததா என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. இதற்கிடையில் அந்த வீட்டுக்காரர் சுவருக்கு வேறு வண்ணம் அடித்திருப்பார். இதைத் தடுக்க ஒரே வழி, முன்பணம் கொடுக்கும்போதே 'தொடர் முடியும்வரை முகப்பில் மாற்றம் செய்வதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது.

மாலையில் விளக்குக் கிரேன் வைத்துத் தெருவை வெளிச்சமாக்குவதானால், கிரேனின் கால்கள் நிற்கும் தரையை முதலில் பாருங்கள். பாதாளச் சாக்கடை மூடியின் மேலோ புதிதாக மூடிய பள்ளத்தின் மேலோ நிறுத்தக் கூடாது, கிரேனின் கைக்குக் கீழே யாரும் உட்காரக் கூடாது. 2020 பிப்ரவரியில் சென்னைப் புறநகர் ஸ்டுடியோ ஒன்றில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மானிட்டரை வசதி பார்த்துக் கிரேனுக்கு அடியில் போடச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள்.

பேக்-அப் சொன்ன பிறகு ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு ஒரு மணி நேரம் வேலை இருக்கிறது. டம்மி போர்டுகளை எண்ணி இறக்குங்கள், வண்டிகளின் ஸ்டிக்கரை உரியுங்கள், மூடிய சுவரொட்டிகளைத் திறந்துவிடுங்கள், ஆணி அடித்த ஓட்டைகளைப் புட்டி வைத்து அடையுங்கள், காலையில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். 'மாட்டுத்தாவணி' என்று போர்டு போட்ட பஸ் நிறுத்தத்தை மறந்து விட்டுப் போனால், மறுநாள் காலை அங்கே பஸ்ஸுக்கு ஆள் நிற்கும்.